குற்றவாளி: உராய்வு

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தால், மறுநாள் செய்தியில் பெரும்பாலும் ஒரு சொல் இருக்கும்: உராய்வு. மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டதாம், தீப்பிடித்ததாம், அறைகள் தரைமட்டமாம். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: குறைந்தது 38 பேர். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம்: குறைந்தது 19 பேர். 2024 பிப்ரவரியில் வெம்பக்கோட்டை பக்கம், மே மாதம் செங்கமலப்பட்டி. 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி. ஊர் மாறுகிறது, உரிமையாளர் மாறுகிறார். குற்றவாளி மட்டும் மாறுவதில்லை. அவனைக் கைது செய்யவும் முடியாது.

நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். எங்கள் தொழிலில் ஒரு சர்வர் அரைமணி நேரம் படுத்துவிட்டால் ‘போஸ்ட்மார்ட்டம்’ என்றே ஓர் அறிக்கை எழுத வேண்டும். ஏன் படுத்தது? அந்தப் பிழை ஏன் உள்ளே வந்தது? வந்ததை ஏன் யாரும் பார்க்கவில்லை? ஐந்து ‘ஏன்’ கேட்காமல் விடமாட்டார்கள். யாரும் சாகாத விபத்துக்கு ஐந்து ஏன். இருபது பேர் செத்த விபத்துக்கு ஒரு ‘உராய்வு’. இது என்ன கணக்கு?

உராய்வு என்பது பதில் அல்ல, முதல் கேள்வி. லேசாக உரசினாலே பற்றிக்கொள்ளும் கலவையை ஏன் பயன்படுத்துகிறோம்? அதைக் கலக்கும் இடத்தில் ஏன் ஒரு மனிதக் கை இருக்கிறது? வேறு பொருளால், வேறு வடிவத்தில் அதே ஒளியும் சத்தமும் வராதா? இப்படிக் கேட்பதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. அதன் பெயர் பசுமை வேதியியல். 1998இல் பால் அனஸ்தாஸ், ஜான் வார்னர் என்ற இரண்டு அமெரிக்க வேதியியலாளர்கள் அதற்குப் பன்னிரண்டு கொள்கைகளை வகுத்தார்கள். கழிவைச் சுத்தம் செய்வதைவிட உண்டாக்காமல் இருப்பதே மேல் என்பது முதலாவது. பன்னிரண்டாவதுதான் நம் ஊருக்கானது: கசிவு, வெடிப்பு, தீ ஆகியவற்றுக்கான வாய்ப்பே குறையும்படி பொருளையும் அதன் வடிவத்தையும் தேர்ந்தெடு. தொழிலாளியிடம் ‘பார்த்து வேலை செய்’ என்று சொல்வதல்ல அது. கவனம் தப்பினாலும் ஆள் சாகாதபடி மருந்தை மாற்று என்பது.

இது நடக்காத காரியமா? நடந்திருக்கிறது. கந்தகத்தோடு குளோரேட் கலந்த மருந்து உரசலுக்கும் அமிலத்துக்கும் பயங்கரமாகக் கோபித்துக்கொள்ளும். 1992இல் மத்திய அரசு அந்தக் கலவையையே தடை செய்தது. பன்னிரண்டாம் கொள்கை எழுதப்படுவதற்கு ஆறு வருடம் முன்பே அது இந்தியாவில் சட்டமாக அமலுக்கு வந்துவிட்டது. இதைவிட நல்ல பாட உதாரணம் எந்த வெளிநாட்டுப் புத்தகத்தில் கிடைக்கும்?

சரி, பாடத்தில் என்ன இருக்கு? அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, முதலாண்டு பொறியியல் வேதியியலில் நீர் சுத்திகரிப்பு, நானோ, பேஸ் ரூல், எரிபொருள், பேட்டரி. சுற்றுச்சூழல் பாடத்தின் தலைப்பிலேயே ‘நிலைத்தன்மை’ வந்துவிட்டது. ஐ.நா.வின் வளர்ச்சி இலக்குகள் எல்லாம் உண்டு. சுற்றுச்சூழலைக் கல்வியின் எல்லா நிலைகளிலும் கட்டாயமாகக் கற்பிக்கச் சொல்லி உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது 1991இல். முப்பது வருடத்துக்கு மேலாகியும் அது மாணவனுக்கு, முந்தின ராத்திரி படித்து மறுநாள் எழுதி மறக்கிற பேப்பர்தான். பசுமை வேதியியலின் கொள்கைகள் யாவை, பட்டியலிடுக. பன்னிரண்டையும் ஒப்பித்தால் முழு மார்க். கேள்வித்தாளுக்கும் பஸ்ஸில் வரும்போது ஜன்னல் வழியே தெரிகிற பட்டாசு அறைகளுக்கும் சம்பந்தமே இல்லை.

இது வேறெந்த ஊரில் நடந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். இந்த வட்டாரத்தில் கல்வியைக் கட்டி எழுப்பியதே தீப்பெட்டியும் பட்டாசும்தான். 1920களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த இருவரில் ஒருவரான அய்ய நாடார், அவர் துணைவி ஜானகி அம்மாள் பெயரில் ஒரு கல்லூரி இருக்கிறது. பெண்கள் கல்லூரி ஒன்றின் பெயரிலேயே ‘ஸ்டாண்டர்டு ஃபயர்ஒர்க்ஸ்’ இருக்கிறது. மெப்கோ ஷ்லெங் பொறியியல் கல்லூரியின் பெயரில் அலுமினியப் பொடி நிறுவனம் இருக்கிறது. பெயர்ப் பலகையில் ஏறிய தொழில் பாடத்திட்டத்தில் எவ்வளவு ஏறியிருக்கிறது?

2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடை செய்தது, சரவெடியைத் தடை செய்தது, ‘பசுமைப் பட்டாசு’ மட்டும் என்றது. பட்டாசில் பச்சை நிறம் தருவதே பேரியம்தான் என்பது தனி வேடிக்கை. அப்போது மாற்று மருந்து எங்கிருந்து வந்தது? நாக்பூரிலுள்ள நீரி ஆய்வகத்திலிருந்து, ரகசியக் காப்பு ஒப்பந்தத்தோடு. நூறு வருடம் முன்பு சூத்திரம் தேடி கல்கத்தாவுக்குப் போனோம். நூறு வருடம் கழித்தும் சூத்திரம் வெளியூரிலிருந்துதான் வருகிறது. நடுவில் இத்தனை வேதியியல் துறைகளைக் கட்டியது எதற்கு?

அந்தப் ‘பசுமை’யின் அளவுகோலையும் பாருங்கள். நுண்துகள் சுமார் 30 சதவீதம் குறைவு என்பதுதான் பெருமை. டெல்லிக்காரரின் நுரையீரல் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் வெடிக்கும் நேரத்துப் புகைக்கு ஓர் எண் இருக்கிறது. கலக்கும் நேரத்து ஆபத்துக்கு லேபிளில் எண் இல்லை. பன்னிரண்டில் ஒன்றிரண்டைப் பார்த்துவிட்டுப் பச்சை முத்திரை குத்தியாயிற்று.

‘பாடத்திட்டம் எங்கள் கையில் இல்லை’ என்பார்கள். இங்குள்ள பெரிய கல்லூரிகளில் பல தன்னாட்சி பெற்றவை. ‘ஆராய்ச்சி நடக்கத்தான் செய்யுது’ என்பார்கள். உண்மை. வெடிமருந்து உரசலுக்கும் அதிர்ச்சிக்கும் எப்படி எதிர்வினை செய்கிறது என்று இந்த வட்டாரத்திலிருந்தே நல்ல கட்டுரைகள் வந்திருக்கின்றன. ஆனால் ஆங்கில ஆய்விதழில் கிடப்பதை போர்மேன் எங்கே போய்ப் படிப்பார்? ‘அப்ப தொழிலையே மூடிடலாமா?’ என்று கடைசியாகக் கேட்பார்கள். மூடச் சொல்வது பெருநகரத்துச் சொகுசு. நான் கேட்பது தொழிலைப் படிக்கச் சொல்லி.

அலுமினியப் பொடியும் நைட்ரேட்டும் ஈரத்தோடு சேர்ந்தால் தானாகவே சூடேறும். மிச்ச மருந்தை ராத்திரி வைத்திருக்கக் கூடாது என்பதற்குப் பின்னால் உள்ள வேதியியல் இதுதான். இதைத் தமிழில், ஒரு வகுப்பில், ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடலாம். அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் அம்மா மறுநாள் காலையில் ஆலை வேனில் ஏறப்போகிறவராக இருக்கலாம். எந்த அதிகாரியும் போகாத வீட்டுக்குள் பாடம் போய்ச் சேரும் வழி அந்தப் பெண்தான்.

ஆகவே கோரிக்கை சின்னது. அடுத்த செமஸ்டரில் பன்னிரண்டையும் பட்டியலிடச் சொல்லாதீர்கள். ஒரு விபத்தின் செய்தியைக் கொடுத்து, ‘உராய்வு’ என்ற சொல்லை அடித்துவிட்டு, அந்த இடத்தில் உண்மையான காரணங்களை எழுதச் சொல்லுங்கள். பதினாறு மார்க்.