மெக்கானிக்குகளுக்கு அனுமதி இல்லை!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையைக் கற்பனை செய்து பாருங்கள். மணி ஆறு. பேரிகை டீக்கடை வாசலில் ஒரு கார் வந்து நிற்கிறது. பின்பக்க ஸ்டாண்டில் இரண்டு மவுண்டன் பைக்குகள். பெங்களூரிலிருந்து வந்தவர்கள் இறங்கி, ஹெல்மெட் மாட்டி, கையுறை மாட்டி, கைக்கடிகாரத்தில் ஜி.பி.எஸ். பிடிக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஏதோ ஒரு மலைப் பந்தயத்துக்குப் பயிற்சி. அதே நேரத்தில் கேரியரின் இரண்டு பக்கமும் பால் கேன் தொங்க, பழைய சைக்கிளில் ஒருவர் சொசைட்டிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.

"அண்ணா, ஏரிக்கரை வழியா மாலூர் ரோட்டைப் பிடிக்க முடியுமா?"

"போலாம் சார். ரெண்டு இடத்துல மேடு. எறங்கித் தள்ளணும்."

"நீங்க தள்ளுவீங்களா?"

"கேன்ல பால் இருந்தா தள்ளுவேன். இல்லாட்டி எதுக்குத் தள்ளணும்?"

ஒருவருக்குப் பேர் 'எண்டூரன்ஸ் ரைடர்'. இன்னொருவருக்குப் பேர் பால்காரர். இந்தப் பேர் வித்தியாசம் எங்கிருந்து வந்தது, அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்பதுதான் இங்கே மேட்டர்.

அமெச்சூர் என்றால் யார்?

நெடுந்தூர மவுண்டன் பைக் பந்தயங்களில் கலந்துகொள்பவர்களில் பெரும்பாலோர் அமெச்சூர்கள்தான். ஜெயிக்கப்போவதில்லை என்று தெரிந்தே வருபவர்கள். கட்-ஆஃப் நேரத்துக்குள் முடித்தால் போதும் என்று நினைப்பவர்கள். அமெச்சூர் என்ற சொல்லுக்கு மூலப்பொருள் 'பிரியப்பட்டுச் செய்பவர்'. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தச் சொல்லுக்கு ஒரு அழுக்கான வரலாறும் உண்டு.

1879ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் ஹென்லி படகுப் போட்டியை நடத்தியவர்கள் அமெச்சூர் யார் என்று விதி எழுதினார்கள். காசுக்குப் போட்டி போடுபவர் அமெச்சூர் கிடையாது. சரி, நியாயம். அடுத்த வரி என்ன தெரியுமா? கூலிக்கு மெக்கானிக்காகவோ, கைவினைஞராகவோ, தொழிலாளியாகவோ வேலை பார்த்தவரும் அமெச்சூர் கிடையாது! உடம்பால் உழைப்பவனுக்குப் பலம் அதிகம், அவனோடு ஜென்டில்மேன்கள் மோதுவது அநியாயம் என்பது அப்போது சொல்லப்பட்ட சாக்கு.

1920இல் அமெரிக்கப் படகு வீரர் ஜாக் கெல்லியின் விண்ணப்பத்தை ஹென்லியில் நிராகரித்தார்கள். அவர் கொத்தனார் வேலை பார்த்தவர் என்பதும் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. மனிதர் அதே வருடம் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார். (நடிகை கிரேஸ் கெல்லியின் அப்பா இவர்தான்.) தொழிலாளிகளைத் தடுத்த அந்த விதி 1937இல்தான் ஒழிந்தது.

விதி போய்விட்டது. ஆனால் அந்த வேலையை இப்போது விலைப்பட்டியல் செய்கிறது. லட்சங்களில் கார்பன் பைக், நுழைவுக் கட்டணம், ரயிலிலோ விமானத்திலோ சைக்கிளைப் பெட்டி கட்டி அனுப்பும் செலவு, ஒரு வார லீவு. ஹிமாசலத்தில் 2005இல் தொடங்கிய 'எம்.டி.பி. ஹிமாலயா' மாதிரி பல நாள் ஓடும் பந்தயத்துக்கு ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கும் ஒரு ஃபிட்டர் போக முடியுமா? "மெக்கானிக்குகளுக்கு அனுமதி இல்லை" என்று எங்கேயும் போர்டு இல்லை. போர்டு தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

மவுண்டன் பைக்கே ஓட்டை சைக்கிளில் பிறந்ததுதான்

இதில் பெரிய காமெடி ஒன்று உண்டு. விலை உயர்ந்த பைக் இல்லாவிட்டால் இந்த விளையாட்டே இல்லை என்று நினைப்பவர்கள் 1976க்குப் போய்ப் பார்க்க வேண்டும். கலிபோர்னியாவில் மாரின் கவுன்டி. சில இளைஞர்கள் 1930கள், 40களில் செய்த குண்டு டயர் சைக்கிள்களைத் தட்டிக்கொட்டி, ஒரு மண் மலைப்பாதையில் இறக்கத்தில் ரேஸ் விட்டார்கள். பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் பிரேக், பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும். ஒரு தடவை கீழே வந்தால் சூட்டில் உள்ளே இருக்கும் கிரீஸ் உருகிப் புகைந்துவிடும். மறுபடி பிரித்து கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பேர். ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி என்று பின்னால் பிரபலமானவர்கள் எல்லாம் அங்கே கிரீஸ் அடைத்தவர்கள்தான்.

ஆக, மெக்கானிக் வேலை தெரிந்தவர்கள் காயலான் சைக்கிளில் கண்டுபிடித்த விளையாட்டு இது. இன்றைக்கு மெக்கானிக்குக்கே எட்டாத உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது.

உடம்புக்கு பிராண்ட் தெரியாது

"சும்மா உணர்ச்சிவசப்படாதீங்க, சாதா சைக்கிளில் நூறு கி.மீ. மண் பாதை போக முடியுமா?" நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சாதா சைக்கிள் ஏறக்குறைய 20 கிலோ. நல்ல கார்பன் மவுண்டன் பைக் ஏறக்குறைய 10 கிலோ. ஓட்டுகிறவர் 60 கிலோ என்றால் மொத்தம் 80க்கு 70. மேடு ஏறும்போது எடையால் வரும் கூடுதல் சுமை சுமார் 14 சதவீதம். கியர்தான் இதைவிடப் பெரிய வித்தியாசம். சாதா சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால், ஒரு மிதிக்குப் பின்சக்கரம் இரண்டரைச் சுற்று சுற்றும். மவுண்டன் பைக்கில் 32க்கு 51 போட்டால் முக்கால் சுற்றுகூட வராது. அதனால் செங்குத்து மேட்டில் அவர் மிதிப்பார், இவர் இறங்கித் தள்ளுவார். தள்ளட்டுமே! 120 கி.மீ. பந்தயத்துக்கு 12 மணி நேரம் கொடுத்தால் சராசரி வேகம் மணிக்கு வெறும் 10 கி.மீ. தள்ளவும், டீ குடிக்கவும், பஞ்சர் ஒட்டவும் அதில் இடம் இருக்கிறது.

முதல் ஒரு மணி நேரம் பைக்கின் விலை தெரியும். கார்பன்காரர் பறந்துவிடுவார். மூன்றாவது மணி நேரத்தில் கதை மாறும். உடம்பு மாவுச்சத்தை கிளைகோஜனாகச் சேர்த்து வைத்திருப்பது ஏறக்குறைய 400, 500 கிராம்தான். வேகமாக மிதித்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடும். தீர்ந்ததும் கண் இருட்டும், கால் கல்லாகும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்தை உள்ளே அனுப்பிக்கொண்டே இருந்தால்தான் வண்டி ஓடும். அதற்கு வெளிநாட்டு ஜெல் பாக்கெட்தான் வேண்டுமா? 2012இல் அமெரிக்காவின் அப்பலாச்சியன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சைக்கிள் வீரர்களை 75 கி.மீ. ஓட்டவிட்டுப் பார்த்தார்கள். ஒரு தடவை ஸ்போர்ட்ஸ் டிரிங்க், ஒரு தடவை வாழைப்பழம். நேரத்தில் வித்தியாசமே இல்லை! வியர்வையில் போகும் உப்புக்கு? உப்புப் போட்ட மோர் இருக்கிறது. வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தால்தான் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும்.

எட்டாவது மணி நேரத்தில் இருப்பது இடுப்பு வலி, உள்ளங்கை எரிச்சல், 'இது தேவையா' என்று மண்டைக்குள் கேட்கும் குரல், இவ்வளவுதான். அந்தக் குரலை அடக்கத் தெரிந்தவர் முடிப்பார். வீட்டிலிருந்து கம்பெனிக்கு 15 கி.மீ. போய், 15 கி.மீ. திரும்பி, வாரம் ஆறு நாள் மிதிக்கிறவர் 180 கி.மீ. போகிறார். அதற்கு நடுவே எட்டு மணி நேரம் நின்றபடி வேலை வேறு. பயிற்சித் திட்டம் என்று காசு கொடுத்து டவுன்லோடு செய்பவர்களில் எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள்?

லெட்வில் சொல்லும் பாடம்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் லெட்வில் என்று ஒரு ஊர். 10,000 அடிக்கு மேலே இருக்கும் சுரங்க ஊர். 1982இல் கிளைமாக்ஸ் என்ற மாலிப்டினம் சுரங்கம் மூடப்பட்டதும் ஊரே வேலை இழந்தது. கென் க்ளோபர் என்ற சுரங்கத் தொழிலாளி ஒரு யோசனை சொன்னார். நூறு மைல் ஓட்டப் பந்தயம் வைப்போம், ஊருக்கு நாலு பேர் வருவார்கள், ஓட்டலிலும் விடுதியிலும் காசு புரளும். 1983இல் ஓட்டம். 1994இல் அதே நூறு மைலுக்கு மவுண்டன் பைக். 12 மணி நேரத்துக்குள் முடித்தால் பெல்ட்டில் மாட்டும் வெள்ளிப் பக்கிள். அமெச்சூர்களின் கனவுப் பந்தயமாக அது வளர்ந்தது.

பிறகு? 2010இல் ஒரு பெரிய உடற்பயிற்சிக் கம்பெனி அதை வாங்கியது. இடம் வேண்டுமென்றால் இப்போது பெரும்பாலோருக்குக் குலுக்கல்தான். வேலை போன தொழிலாளிகள் ஊரைக் காப்பாற்ற ஆரம்பித்த பந்தயம் அது. பந்தயத்தால் ஊர் பிழைத்தது உண்மை. ஊர்க்காரனுக்கு அதில் இடம் இருக்க வேண்டும் என்பதை முதல் நாளே விதியாக எழுதி வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அதுவே உதாரணம்.

பேரிகையில் என்ன இருக்கிறது?

என்ன இல்லை என்று கேளுங்கள். கர்நாடக எல்லையை ஒட்டிய பீடபூமி, மண் பாதை, ஏரிக்கரை, ராகிக் காடு, ரோஜாத் தோட்டம், பாறைக் குன்று, அந்தப் பக்கம் சூளகிரி மலை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே டீக்கடையில் கலந்து ஓடும். பெங்களூர் ரைடர்களுக்குப் பக்கம். சுற்றி இரண்டு சக்கரத்தையே நம்பி வாழும் தொழிற்பேட்டைகள். 1980இல் டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்தது ஓசூரிலிருந்துதான். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் சைக்கிளுக்கு இறங்குமுகம்.

2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் 2005-06இல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்கள் எல்லோருக்கும் விரிந்தது. ஆனால் பிளஸ் டூ முடிந்ததும் அந்த சைக்கிளுக்கு என்ன மரியாதை? கம்பெனியில் சேர்ந்த முதல் மாதமே தவணையில் பைக். சைக்கிளில் வந்தால் 'இன்னும் இதுலயா வர்ற?' என்ற நக்கல். அதே சைக்கிளை ஒரு லட்ச ரூபாய் கொடுத்து வாங்கினால் மட்டும் 'ஃபிட்னெஸ்'! புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகியபோது, சைக்கிள் என்பது தலை நிமிர்வு. அந்த நிமிர்வு மறுபடி வர, ஒரு பந்தயம் கொஞ்சம் உதவலாம்.

பேரிகையில் வைக்க வேண்டிய பந்தயம் இப்படி இருக்கட்டும்: 120 கி.மீ., காலை 6 முதல் மாலை 6 வரை. எந்த சைக்கிளும் வரலாம். வெளியூர்க்காரர் கட்டணம் கட்டட்டும், உள்ளூர்க்காரருக்கு இலவசம், மொத்த இடத்தில் பாதி அவர்களுக்கே. முடித்தவர் பட்டியல் மட்டும் போதும். பிரான்ஸில் பிறந்து இந்தியாவிலும் ஓடும் பி.ஆர்.எம். நெடும்பயணங்களில் இப்படித்தான். 200 கி.மீ.க்குப் பதிமூன்றரை மணி நேரம். முதலாவது, கடைசி என்று வரிசையே கிடையாது.

வரப்போகும் ஆட்சேபங்கள்

1. பாதுகாப்பு? உண்மையான பிரச்சினை. மழையில் கம்பி பிரேக் வழுக்கும். அதனால் முதல் நாள் பிரேக் சோதனை, பிரேக் கட்டை மாற்றிக்கொடுக்க ஒரு மெக்கானிக், ஹெல்மெட் இரவல், செங்குத்து இறக்கம் இல்லாத பாதை. இந்த மாவட்டத்தில் ராகி விளையும் பருவத்தில் யானைக் கூட்டம் காட்டை விட்டு வெளியே வரும். எனவே அந்த மாதங்கள் வேண்டாம், காட்டுப் பக்கம் வேண்டாம், இரவு வேண்டவே வேண்டாம். ஜூலையில் ஒரு ஞாயிறு போதும்.

2. காசு யார் கொடுப்பது? 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். கிராமப்புற விளையாட்டுப் பயிற்சி அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஓசூர், சூளகிரியைச் சுற்றிக் கம்பெனிகளுக்கா பஞ்சம்?

3. தொழிலாளிக்கு இருப்பதே ஒரு ஞாயிறு, அதையும் பிடுங்கலாமா? இருப்பதிலேயே கனமான கேள்வி இது. பதில், அவரே முடிவு செய்யட்டும் என்பதுதான். அவர் சார்பில் மற்றவர்கள் முடிவு செய்துதான் 1879இல் விதி எழுதினார்கள். வருகிறவருக்குத் திங்கட்கிழமை சம்பளத்தோடு லீவு என்று கம்பெனி சொன்னால் இன்னும் நல்லது. பேனர் வைப்பதைவிட அதற்குச் செலவு அதிகம்தான். ஆனால் அதுதான் உண்மையான ஸ்பான்சர்.

கார்பன் பைக் வைத்திருப்பவர்கள் மேல் கோபப்பட ஒன்றும் இல்லை. அவர்களும் பிரியப்பட்டுத்தான் மிதிக்கிறார்கள், அவர்களும் வியர்வை சிந்துகிறார்கள். பிரியம் அவர்களுக்கு மட்டும்தான் வரும், மற்றவர்கள் மிதிப்பதெல்லாம் பிழைப்புக்கு என்று பிரித்து வைத்திருப்பதுதான் தப்பு. பால் கேனை இறக்கி வைத்துவிட்டு, பேரிகைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்ட்டிங் லைனில் வந்து நிற்கட்டும். கேன் இல்லாவிட்டால் அவர் எந்த மேட்டிலும் இறங்கித் தள்ளப்போவதில்லை. அவரே சொன்னதுதானே!