வாசலை அடைத்தவர் வாய் திறக்க வேண்டும்

ஆம்பூர் பைபாஸை ஒட்டிய சந்தில் ஒரு சின்ன யூனிட். கீழே ஷூ அப்பர் தைக்கிறார்கள். இருபது பெண்கள், பசை வாசனை, தையல் மெஷின்களின் இரைச்சல். மாடியில் எட்டுக்குப் பத்து அறைதான் அலுவலகம். சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை நாம் அங்கே போனபோது, கணக்குப் பார்க்கும் தம்பி கம்ப்யூட்டர் முன்னால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜெர்மனிக்குப் போக வேண்டிய இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்ட்டும் காலையிலிருந்து அவுட்பாக்ஸிலேயே கிடந்தன. அவற்றோடு சேர்த்துப் பதினொரு மெயில். வருகிற மெயில் எல்லாம் தடையில்லாமல் வந்துகொண்டிருந்தது. பேப்பர்கள் எங்கே என்று வாங்குபவர் கேட்டு எழுதிய மெயில்கூட வந்து சேர்ந்துவிட்டது. போகிற மெயில் மட்டும் போகவில்லை.

"என்ன தம்பி, போச்சா?" என்று வாசலில் நின்றபடியே முதலாளி கேட்டார்.

"இல்ல பாய், சுத்திக்கிட்டே இருக்கு."

முந்தின வாரம்தான் அவர்கள் பழைய இன்டர்நெட் இணைப்பை விட்டுவிட்டுப் புதிய ஃபைபர் இணைப்புக்கு மாறியிருந்தார்கள். தம்பி கஸ்டமர் கேருக்கு மூன்று முறை பேசிவிட்டார். மூன்று முறையும் ஒரே பதில். "நெட் வருதா சார்? ஸ்பீடு வருதா சார்? அப்போ எங்க சைடுல எந்தப் பிரச்சினையும் இல்ல." கடைசியில் தம்பி தன் செல்போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, கம்ப்யூட்டரை அதில் இணைத்தார். பதினொரு மெயிலும் ஒரு நிமிஷத்தில் போய்விட்டன. அந்தப் பக்கம் பிரச்சினை இல்லை என்றால், இது எப்படி நடந்தது?

நடந்தது இதுதான். ஒரு கம்ப்யூட்டரிலிருந்து தூரத்தில் உள்ள மெயில் சர்வருக்குக் கடிதம் போக எண் போட்ட வாசல்கள் உண்டு. போர்ட் என்பார்கள். மிகப் பழைய வாசல் 25. 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய விதிமுறையின் காலத்திலிருந்து மெயில் அதன் வழியாகத்தான் போய்வந்தது. நீ யார் என்று அந்த வாசலில் கேட்கும் வழக்கம் இல்லை. அதனால் வைரஸ் புகுந்த கம்ப்யூட்டர்கள், உரிமையாளருக்கே தெரியாமல், அந்த வாசல் வழியே லட்சக்கணக்கில் குப்பை மெயில்களைக் கொட்டின. உலகமெங்கும் பல இன்டர்நெட் நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு 25-ஆம் வாசலை அடைத்தன. அதற்கு மாற்றாக, பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு உள்ளே விடுகிற 587 என்ற வாசல் 1998-இலேயே வகுக்கப்பட்டது. 465 என்ற மூன்றாவது வாசலும் இருக்கிறது. அது தொடக்கத்திலிருந்தே பூட்டிய உறையில் கடிதம் அனுப்புவது போன்றது. 2018 முதல் பரிந்துரைக்கப்படுவது அதுதான்.

அந்த யூனிட்டின் மெயில் செட்டிங்கில் பல வருஷத்துக்கு முன்னால் யாரோ போட்டுவிட்டுப் போன 25 அப்படியே இருந்தது. பழைய இணைப்பு அதை விட்டுவைத்திருந்தது. புதிய இணைப்பு அடைத்திருந்தது. 25-ஐ அழித்து 587 என்று போட்டு, கடவுச்சொல் கேட்கும் பெட்டியில் ஒரு டிக் அடித்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. ஐந்து நிமிஷ வேலை. அதைச் சொல்ல ஆளில்லாமல் ஒரு முழுநாள் போனது.

நம் தீர்ப்பைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறோம். 25-ஆம் வாசலை அடைத்தது சரி. அடைத்ததைச் சொல்லாமல் இருந்தது தவறு. கேட்ட பிறகும் "எங்க சைடுல பிரச்சினை இல்ல" என்றது அதைவிடப் பெரிய தவறு. அது உண்மையும் இல்லை.

அடைப்பதற்கும் ஒரு முறை உண்டு என்பது மற்ற எந்த ஊரையும்விட இந்த வட்டாரத்துக்கு நன்றாகத் தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாலாற்றில் தோல் கழிவைக் கலந்ததற்காக ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. கெடு வைத்தது. சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்துகொள், இல்லையென்றால் மூடு என்றது. அந்தத் தீர்ப்பு அன்று இங்கே பலருக்குக் கசந்தது. ஆனால் எது மூடப்படுகிறது, ஏன் மூடப்படுகிறது, எந்தத் தேதிக்குள், மாற்று வழி என்ன என்பதெல்லாம் எழுத்தில் இருந்தது. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் மேல்விஷாரத்திலும் அதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டவர்கள் உண்டு. ஆற்றைக் கெடுக்கிற வாய்க்காலை அடைப்பதைப் போலத்தான் குப்பை மெயில் வருகிற வாசலை அடைப்பதும். அதில் நியாயம் இருக்கிறது. நாம் கேட்பது அந்த எழுத்தைத்தான்.

பிரேசிலைப் பாருங்கள். தோலிலும் காலணியிலும் நமக்குப் போட்டியாக நிற்கிற நாடு. 2009 வாக்கில் குப்பை மெயில் கிளம்பும் நாடுகளின் பட்டியலில் முதல் வரிசையில் இருந்தது. அங்கேயும் 25-ஆம் வாசலை அடைக்க முடிவு செய்தார்கள். ஆனால் ஒரு ராத்திரியில் சத்தமில்லாமல் அடைத்துவிடவில்லை. இன்டர்நெட் நிர்வாகக் குழு, தொலைத்தொடர்பு ஆணையம், நிறுவனங்களின் சங்கங்கள் எல்லாம் கூடி 2011-இல் ஒப்பந்தம் போட்டன. நுகர்வோர் பாதுகாப்புத் துறையின் கருத்தையும் கேட்டார்கள். மெயில் சேவை தருபவர்கள் முதலில் தங்கள் வாடிக்கையாளர்களை 587-க்கு மாற்றவும், அதற்குப் பிறகே வாசலை அடைக்கவும் ஏற்பாடானது. பட்டியலில் பிரேசில் மளமளவென்று கீழே இறங்கியது. சொல்லிவிட்டு அடைத்தாலும் பலன் குறையாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நம் நாட்டில் விதி இல்லாமல் இல்லை. 2018-இல் தொலைத்தொடர்புத் துறை இணையச் சமத்துவ விதிகளை ஏற்று, உரிமங்களிலும் சேர்த்தது. போக்குவரத்தை ஒழுங்குபடுத்த நிறுவனம் எதைச் செய்தாலும் அது அளவோடும் தற்காலிகமாகவும் வெளிப்படையாகவும் இருக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தந்த பரிந்துரை. மூன்றாவது சொல்லை நாம் பிடித்துக்கொள்கிறோம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், தெரிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பது சேவைக் குறைபாடு என்று நேரடியாகவே சொல்கிறது. தொலைபேசி நிறுவனங்கள் மீது நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கிவிட்டது. ஆனால் வியாபாரத்துக்காக வாங்கிய சேவை என்றால் அந்தக் கதவு எளிதில் திறக்காது. பெரிய ஏற்றுமதி கம்பெனிக்கு வக்கீல் உண்டு, ஐடி ஆள் உண்டு. ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிற யூனிட்டுக்கு யார் இருக்கிறார்கள்?

மெயில் ஒருநாள் தாமதமானால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள் ஆம்பூரில் ஒரு ஷிப்மென்ட்டைப் பார்த்ததில்லை. வாங்குபவர் ஓகே சொன்ன சாம்பிளுக்குப் பதில் போனால்தான் கட்டிங் தொடங்கும். சரக்கு கப்பல் ஏறிய 21 நாளுக்குள் வங்கியில் பேப்பர்கள் சேர வேண்டும் என்பது லெட்டர் ஆஃப் கிரெடிட்டின் பொது விதி. 2025-இல் அமெரிக்கா நம் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்ட பிறகு, கையில் இருக்கிற ஒவ்வொரு ஆர்டரையும் பொத்திப் பொத்திக் காப்பாற்றினார்கள். அந்த நேரத்தில் பதில் எழுதாத சப்ளையர் என்ற பெயர் யாருக்கு வேண்டும்?

இதைவிடப் பயங்கரமான ஒன்றும் இருக்கிறது. கம்பெனி மெயில் போகவில்லை என்றதும் அவசரத்தில் தங்கள் சொந்த ஜிமெயிலிலிருந்து இன்வாய்ஸ் அனுப்புகிறார்கள். ஏற்றுமதியாளர் பெயரில் பொய் மெயில் அனுப்பி, "வங்கிக் கணக்கு மாறிவிட்டது, பணத்தை இங்கே போடுங்கள்" என்று ஏமாற்றும் கும்பல்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. வாங்குபவர் அதற்குப் பயந்து, புது முகவரியிலிருந்து வருகிற எந்த இன்வாய்ஸையும் சந்தேகப்படுகிறார். சந்தேகப்படவும் வேண்டும். நம் ஆளே புது முகவரியில் எழுதப் பழக்கிவிட்டால், நாளைக்குத் திருடன் எழுதும்போது அவரால் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?

அடைத்த வாசலைத் திறக்க விலை பேசுவது இன்னொரு அநியாயம். "ஸ்டாட்டிக் ஐபி எடுத்துக்கோங்க சார், தனியா சார்ஜ், எல்லாம் ஓப்பன் ஆயிடும்" என்கிறார்கள். ஸ்டாட்டிக் ஐபி என்றால் மாறாத இணைய முகவரி. செட்டிங்கில் ஒரு எண்ணை மாற்றினால் போதும் என்ற இடத்தில் வருஷச் சந்தா கேட்பது வியாபாரம் ஆகாது. தெரியாதவனின் சட்டைப் பையில் கைவிடுவது அது. சில இணைப்புகளில் 587-கூடப் போவதில்லை. இதற்கு நியாயமே கிடையாது. அந்த வாசலை எந்த நிறுவனமும் அடைக்கக் கூடாது என்று மெயில் தொழில்நுட்பத்தை வகுக்கும் உலக அமைப்பு 2007-லேயே எழுதி வைத்துவிட்டது.

பழி முழுவதும் அவர்கள் மேல் இல்லை. நம் பக்கத்தையும் பேச வேண்டும். திருட்டு விண்டோஸ், புதுப்பிக்காத ஆன்ட்டிவைரஸ், கம்பெனி பெயரோடு வருஷத்தைச் சேர்த்த கடவுச்சொல்: 25-ஆம் வாசல் அடைபட்டதற்குக் காரணம் இப்படி நடந்துகொண்ட அலுவலகங்கள்தான். சில சமயம் அடைப்பது மெயில் சர்வராகவும் இருக்கும். ஒரே பொது இணைய முகவரியை நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் பகிர்ந்து தருகிற இணைப்புகளில், யாரோ ஒருவர் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பத் தப்பாகப் போட்டால், சர்வர் அந்த முகவரியையே பூட்டிவிடுகிறது. பக்கத்துத் தெருவில் நடந்த தப்புக்கு நம் மெயில் நிற்கும்.

தமிழ்நாட்டில் மெயிலையே நிறுத்தப் பார்த்த கதையும் உண்டு. 2024 பிப்ரவரியில் சென்னையில் 13 தனியார் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் வந்தது. அதையொட்டித் தமிழ்நாடு காவல்துறை கேட்டுக்கொண்டதன் பேரில், அந்த மிரட்டலை அனுப்பப் பயன்பட்ட ஸ்விட்சர்லாந்து நிறுவனத்தின் புரோட்டான் மெயில் சேவையை நாடு முழுக்க முடக்கும் பேச்சு எழுந்தது. ஸ்விட்சர்லாந்து அரசு தலையிட்ட பிறகு அது நடக்கவில்லை. 2025 ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கில் அதே சேவையை முடக்க நடவடிக்கை எடுக்கச் சொன்னது. நாம் அதை ஏற்கவில்லை. ஆனாலும் அதில் ஒரு மனு இருந்தது, ஒரு நீதிபதி இருந்தார், நாளிதழில் செய்தி வந்தது, எதிர்த்துப் பேச இடம் இருந்தது. ஆம்பூர் மாடி அறையில் நின்றுபோன மெயிலுக்கு அது எதுவும் இல்லை.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. மெயில் வந்து, போகாமல் நின்றால் முதலில் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் முயன்று பாருங்கள். அதில் போனால், அடைப்பு உங்கள் இணைப்போடு சம்பந்தப்பட்டது. செட்டிங்கில் 25 இருந்தால் 587 ஆக மாற்றுங்கள், அதிலும் போகாவிட்டால் 465. கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை யாராவது இருந்தால் டெல்நெட் என்ற கட்டளையில் உங்கள் மெயில் சர்வரின் 587-ஐத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 220 என்று தொடங்கும் வரி வந்தால் வாசல் திறந்திருக்கிறது. அந்த வரி வராமல் திரை அப்படியே நின்றுவிட்டால் வழியில் எங்கோ அடைப்பு. அதை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, கஸ்டமர் கேரில் புகார் எண் கேட்டு வாங்குங்கள். எண் தராமல் போனை வைக்க விடாதீர்கள். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் இணைப்பு விற்கிற ஒவ்வொரு நிறுவனத்திடமும் நாம் கேட்பது இரண்டே வரி. எந்தெந்த வாசல்களை அடைத்திருக்கிறோம் என்று ஒன்று. அவற்றுக்குப் பதில் எந்த வாசலைப் பயன்படுத்த வேண்டும் என்று இன்னொன்று. அந்த இரண்டு வரியையும் அடுத்த மாத பில்லிலேயே தமிழில் அச்சடித்துக் கொடுங்கள்.