லேண்ட்லைன் பேசலையா? முதல்ல மோடத்தைப் பாருங்க!

செப்புக் கம்பியிலிருந்து ஃபைபருக்கு மாறினாலும் லேண்ட்லைன் எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளலாம். சங்கராபுரம் வீடுகளில் அதே 04151, அதே பழைய போன். திடீரென ஒருநாள் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் இருக்காது. தாத்தா போனைத் தட்டிப் பார்ப்பார். பேரனோ, "நெட் நல்லாத்தானே வருது" என்பான். இருவர் சொல்வதும் சரிதான். கோளாறு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

ஃபைபரில் நம் குரல் இன்டர்நெட் வழியாகத்தான் போகிறது. குரலை டேட்டாவாகவும், டேட்டாவைக் குரலாகவும் மாற்றும் அடாப்டர், ஃபைபர் மோடத்துக்குள்ளேயே இருக்கும். சிலர் ரவுட்டருக்குப் பக்கத்தில் தனிப் பெட்டியாக வைத்திருப்பார்கள்.

மோடத்தில் 'லாஸ்' என்ற சிவப்பு விளக்கு மின்னினால் ஃபைபரில்தான் பிரச்னை. பீரோவுக்குப் பின்னால் கேபிள் மடங்கியிருக்கிறதா எனப் பாருங்கள். இழுக்க வேண்டாம், உள்ளே இருப்பது கண்ணாடி இழை! நெட் வந்தும் போன் விளக்கு எரியவில்லையா? மோடத்தை அணைத்து இரண்டு நிமிடம் கழித்துப் போடுங்கள். அப்போதும் எரியாவிட்டால், "நெட் வருது, போன் லைட் எரியல" என்று புகார் கொடுங்கள். வெறுமனே 'போன் வேலை செய்யல' என்பதைவிட இது அவர்களுக்கு உதவும்.

விளக்கு எரிந்தும் டோன் இல்லையென்றால் ஒயரைப் பாருங்கள். போன் பின், நெட் கேபிள் பின்னைவிடச் சிறியது. ஆனால், நெட் கேபிள் துளைக்குள்ளும் நுழைந்துவிடும். வீட்டைச் சுத்தம் செய்யும்போது கழன்று, துளை மாறிச் செருகப்பட்டிருக்கலாம். வேறொரு போனை மோடத்தில் நேரடியாக மாட்டிப் பார்த்தால் குறை போனிலா, ஒயரிலா என்பது தெரிந்துவிடும்.

இதில் ஒரு விபரீதமும் உண்டு. எல்லா அறைகளிலும் போன் வேண்டுமென்று, சிலர் அடாப்டரைச் சுவரில் உள்ள பழைய போன் சாக்கெட்டில் இணைக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் செப்புக் கம்பி துண்டிக்கப்படாமல் இருந்தால், எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் சுமார் 48 வோல்ட் மின்சாரம் அடாப்டருக்குள் பாயும். மணி அடிக்கும்போது அதைவிட அதிகம். பெட்டி கருகிவிடலாம். முதலில் வெளிக்கம்பியைக் கழற்றச் சொல்லுங்கள்.

டோன் வருகிறது, செல்போனுக்கு மட்டும் கால் போகவில்லையா? 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்போனை அழைக்க முன்னால் 0 சேர்க்க வேண்டும். இதைக் கோளாறு என்று நினைத்து போனையே மாற்றியவர்கள்கூட இருப்பார்கள்!

எல்லாவற்றையும்விட முக்கியமானது மின்சாரம். செப்புக் கம்பி போனுக்கு எக்ஸ்சேஞ்சே கரன்ட் கொடுத்தது. அதனால் வீடு இருட்டில் கிடந்தாலும் மணி அடிக்கும். இப்போது கரன்ட் போனால் மோடமும் அணையும், போனும் ஊமையாகிவிடும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை செய்யும் நாளில், வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டிலிருந்து 108-ஐ எப்படி அழைப்பது? கல்வராயன் மலைப்பக்கம் செல்போன் டவர் கிடைக்காத இடங்களில் இந்தக் கவலை இன்னும் அதிகம்.

மோடத்துக்கென்றே மினி யூ.பி.எஸ் கிடைக்கிறது. மோடத்தின் பவர் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என எழுதியிருக்கும். பெரும்பாலும் 12 வோல்ட். அதைப் பார்த்து வாங்குங்கள். கார்ட்லெஸ் போனின் பேஸுக்கும் கரன்ட் வேண்டும் என்பதால், ஒயர் வைத்த பழைய போனைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். யூ.பி.எஸ் மாட்டிய அன்றே மெயினை அணைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள்.