புது வாகனம், முதல் மாதமே கராஜில்: பொறுப்பு யாருடையது?

எமது வியாபாரிகளுக்கு வாகனம் என்பது ஆடம்பரமல்ல, அது கடையின் இன்னொரு பாதி. புறக்கோட்டையில் ஏற்றிய சரக்கு குருநாகலுக்கோ, அக்கரைப்பற்றுக்கோ, புத்தளத்துக்கோ குறித்த நேரத்தில் போய்ச் சேர்ந்தால்தான் மறுநாள் வியாபாரம். பழைய லொறியை விற்று, இருந்த சேமிப்பையும் போட்டு, மீதிக்கு லீசிங் எடுத்துப் புது வாகனம் வாங்குகின்றவர்கள் எதிர்பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: இனிமேலாவது கராஜ் வாசலில் காத்து நிற்க வேண்டியதில்லை என்ற நிம்மதி. ஆனால் வாங்கி ஒரு மாதம் கழிவதற்குள் கியர் மாறும்போது வண்டி உதறுகிறது, எஞ்சின் லைட் எரிகிறது, ஏசி வேலை செய்யவில்லை, கதவு வழியே மழைநீர் வருகிறது என்ற முறைப்பாடுகள் எல்லா ஊர்களிலும் கேட்கின்றன.

இதைப் பற்றிப் பேசினால் பலர் சொல்லும் பதில், "அது நம்முடைய நஸீபு" என்பதாகும். இந்தப் பதில்தான் எமக்கு நட்டத்தை உண்டாக்குகிறது. புது வாகனத்தில் வரும் ஆரம்பப் பழுது பெரும்பாலும் அதிர்ஷ்டக் குறைவல்ல. அது தொழிற்சாலையில் யாரோ தவறவிட்ட வேலை. அந்த வேலைக்கான செலவு வாங்கியவரின் தலையில் விழுவது நியாயமில்லை.

ஏன் புதியதில் பழுது வருகிறது?

தரக்கட்டுப்பாட்டுப் பொறியியலாளர்கள் பழுதுகளை ஒரு வளைகோடாக வரைந்து காட்டுவார்கள். குளிக்கும் தொட்டியைப் பக்கவாட்டில் பார்ப்பது போன்ற உருவம் அதற்கு. ஆரம்பத்தில் பழுதுகள் அதிகம்; பின்னர் குறைந்து பல வருடங்களுக்குச் சமமாகப் போகும்; பாகங்கள் தேய்ந்த பிறகு மீண்டும் ஏறும். கடைசியில் வருவது தேய்மானம். அதற்கு வாங்கியவர்தான் பொறுப்பு. ஆனால் ஆரம்பத்தில் வருவது சரியாக இறுக்கப்படாத ஆணி, சரியாகப் பொருந்தாத வயர் இணைப்பு, குறைபாடுள்ள சீல், முழுமையாகச் சோதிக்கப்படாத கணினிக் கட்டளை ஆகியவற்றின் விளைவு. இவை ஓடத் தொடங்கியதும் வெளியே வந்துவிடும்.

இன்றைய வாகனத்தில் இயந்திரம் மட்டுமல்ல, கியர்பொக்ஸ், பிரேக், ஹைபிரிட் பற்றரி எல்லாமே கணினியால் இயக்கப்படுகின்றன. எனவே புத்தம் புதிய மொடல் ஒன்றின் முதல் தொகுதியை வாங்குகின்றவர், தன்னை அறியாமலே பரிசோதனை ஓட்டுநராகி விடுகிறார்.

இதற்கு எமது வீதிகளில் நன்கு தெரிந்த உதாரணமே இருக்கிறது. ஹொண்டா நிறுவனம் 2013 செப்டம்பரில் ஜப்பானில் புதிய ஃபிட் ரகத்தையும், அதே வருடம் டிசம்பரில் வெசல் ரகத்தையும் அறிமுகப்படுத்தியது. இரண்டின் ஹைபிரிட் ரகங்களிலும் இருந்தது இரட்டைக் கிளச் கொண்ட புதிய ஏழு கியர் தொகுதி. சந்தைக்கு வந்து ஒரு வருடமும் சில வாரங்களும் ஆவதற்குள், 2014 ஒக்டோபர் ஆகும்போது, ஃபிட் ஹைபிரிட் ஐந்து தடவைகள் திருத்தத்துக்காகத் திருப்பி அழைக்கப்பட்டது. நிறுவனத் தலைவர் மூன்று மாதங்களுக்குத் தன் சம்பளத்தில் 20 சதவீதத்தை விட்டுக்கொடுத்தார். தரத்தைக் கவனிப்பதற்கென்றே உயரதிகாரி ஒருவர் நியமிக்கப்பட்டார். 2017 மார்ச்சில் முடியும் நிதியாண்டில் 60 இலட்சம் வாகனங்கள் விற்க வேண்டும் என்ற இலக்கும் பின்னர் கைவிடப்பட்டது. அவசரத்தில் தரம் நழுவியது என்பதை அந்த நிறுவனமே உணர்ந்துகொண்டதன் அடையாளம் இது.

அதற்கு முன்னர் 2010 பெப்ரவரியில் டொயோட்டாவின் தலைவர் அக்கியோ டொயோடா அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் தோன்றி, நிறுவனம் வளர்ந்த வேகம் அளவுக்கு மிஞ்சியதாக இருந்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டதும் இதே காரணத்துக்காகத்தான். 2023 டிசம்பரில் டைஹட்சு நிறுவனம் தனது எல்லா வாகனங்களின் அனுப்புகையையும் நிறுத்தியது. 64 ரகங்களின் பாதுகாப்புப் பரிசோதனைகளில் முறைகேடு நடந்திருப்பதாக விசாரணைக் குழு கண்டறிந்ததே காரணம். எமது நாட்டிலும் ஓடும் டொயோட்டா ரைஸ் டைஹட்சு தயாரிப்பது. அதன் ஹைபிரிட் ரகமும் அந்த விவகாரத்தில் அகப்பட்டது. அந்த வாகனங்கள் எல்லாம் பழுதானவை என்பது இதன் பொருளல்ல. குறுகிய காலத்துக்குள் புது ரகத்தைச் சந்தைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற நெருக்கடி ஜப்பானியத் தொழிற்சாலையையும் விட்டுவைக்காது என்பதே பொருள். "ஜப்பான் சாமான், பார்க்கத் தேவையில்லை" என்ற பழைய நம்பிக்கையை இனிக் கொஞ்சம் ஒதுக்கி வைக்க வேண்டும்.

வியாபாரிக்கு நட்டம் எங்கே?

கராஜ் பில்லை மட்டும் நட்டமாகக் கணக்கிடுவது தவறு. ஒரு கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். ஒரு வியாபாரியின் லொறிக்கு மாதத் தவணை 120,000 ரூபா. வாரண்டியின் கீழ் பழுது பார்க்கப்படுகிறது, ஒரு சதமும் அறவிடவில்லை. ஆனால் பாகம் வரும்வரை பத்து நாட்கள் லொறி நிற்கிறது. வாடகை லொறிக்கு நாளொன்றுக்கு 18,000 ரூபா வீதம் 180,000 ரூபா போகிறது. ஓடாத லொறிக்கு அந்தப் பத்து நாட்களுக்குரிய தவணை 40,000 ரூபாவையும் கட்டியே ஆக வேண்டும். "இலவசத் திருத்தம்" என்று சொல்லப்படுவதன் உண்மையான விலை இதுதான். நேரத்துக்குச் சரக்குப் போகாததால் கைமாறிப் போன வாடிக்கையாளர் இந்தக் கணக்கில் சேரவில்லை.

லீசிங் கொம்பனியிடம் போய் முறையிட்டாலும் பயன் குறைவு. பெரும்பாலான லீசிங் ஒப்பந்தங்களில் வாகனத்தின் தரத்துக்கு அந்த நிறுவனம் பொறுப்பல்ல. வாகனம் ஓடினாலும் நின்றாலும் தவணை தவணைதான். ஆகவே பாதுகாப்பை நாமே, அதுவும் கையொப்பமிடுவதற்கு முன்னரே, தேடிக்கொள்ள வேண்டும்.

என்ன செய்யலாம்?

மூட்டை மிளகாயோ, பேல் துணியோ வாங்கும்போது பிரித்துப் பார்க்காமல் நாம் பணம் கொடுப்பதில்லை. ஆனால் பல இலட்சம் கொடுத்து வாங்கும் வாகனத்தை மாலை நேரத்தில், மாலை போட்டு, படம் எடுத்துக்கொண்டு ஓட்டி வருகிறோம்.

முதலாவது, வாகனத்தைப் பகல் வெளிச்சத்தில், நம்பிக்கையான கராஜ் பாஸ் ஒருவரையும் அழைத்துச் சென்று பொறுப்பேற்க வேண்டும். அடிப்பகுதியில் எண்ணெய்க் கசிவு, பூச்சில் நிற வேறுபாடு, எல்லா சுவிட்ச்களின் இயக்கம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்களைக் கவனியுங்கள். 1224 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 12ஆவது வாரத்தில் தயாரானது என்று அர்த்தம். வாகனம் எவ்வளவு காலம் வெயிலில் கிடந்திருக்கக்கூடும் என்பதற்கு அது ஒரு சாட்சி. முடிந்தால் ஏற்றம் உள்ள பாதையில் ஓட்டிப் பாருங்கள்.

இரண்டாவது, வாரண்டியை வாயால் கேட்காமல் கண்ணால் வாசிக்க வேண்டும். உத்தரவாதம் கொடுப்பது தயாரிப்பாளரா, உள்நாட்டு முகவரா, விற்பவர் மட்டுமா? வருடமா, கிலோமீற்றரா, எது முந்தினால் முடிகிறது? வாடகைக்கோ சரக்கு ஏற்றவோ பயன்படுத்தினால் செல்லுபடியாகுமா? ஹைபிரிட் பற்றரிக்குத் தனி நிபந்தனை உண்டா? பெட்டி பொடி அடித்தால் வாரண்டி இரத்தாகுமா? உதிரிப்பாகம் இங்கே கையிருப்பில் உள்ளதா? 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்ட பின்னர், புதிய பெயர்களும் புதிய முகவர்களும் சந்தைக்கு வந்திருக்கும் நிலையில், இந்தக் கடைசிக் கேள்வி முக்கியமானது.

மூன்றாவது, ரீகண்டிஷன் வாகனம் என்றால் செசி இலக்கத்தைக் கொண்டு, திருப்பி அழைக்கப்பட்ட வாகனமா, அந்தத் திருத்தம் செய்யப்பட்டுள்ளதா என்பதைப் பார்க்க வேண்டும். ஜப்பானில் இத்தகைய அறிவித்தல் அங்குள்ள உரிமையாளருக்கே போகிறது. வாகனம் கப்பல் ஏறிவிட்டால் அந்தக் கடிதம் எமது வீட்டு வாசலுக்கு வராது. ஜப்பானியத் தயாரிப்பாளர்களின் இணையத்தளங்களில் செசி இலக்கத்தை இட்டு இதைப் பார்க்கலாம். இறக்குமதியாளரிடமே அந்தப் பிரதியைக் கேட்டு வாங்குவது இன்னும் நல்லது.

நான்காவது, எல்லாவற்றையும் எழுத்தில் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு தடவை கராஜுக்குப் போகும்போதும் என்ன குறை, எந்தத் திகதி, எத்தனை நாள் நின்றது என்பதை வேலைச் சீட்டில் எழுதச் சொல்லிப் பிரதி எடுக்க வேண்டும். ஒரே குறை மூன்று முறை வந்தது என்று வாயால் சொல்வதற்கும், மூன்று சீட்டைக் காட்டுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

1896ஆம் ஆண்டுமுதல் எமது நாட்டில் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. எதற்காக வாங்குகிறோம் என்பதை விற்பவருக்குத் தெரிவித்து, அவருடைய அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்கு உகந்ததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அந்தச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. எனவே "மலைப்பாதையில் மரக்கறி ஏற்றுவதற்கு" என்ற ஒரு வரியை விலைக்கோரலிலோ பற்றுச்சீட்டிலோ எழுதச் செய்வது வீணல்ல.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளைப் பற்றி அதிகாரசபையிடம் முறையிடலாம். விசாரணையின் பின் நட்டஈடு வழங்கவோ, பொருளை மாற்றிக்கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ உத்தரவிட அதற்கு அதிகாரம் உண்டு. ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் செய்யப்பட வேண்டும். எம்மவர்கள் தவறுவது இங்கேதான். "அடுத்த சேர்விஸில் பார்ப்போம்" என்று ஷோரூமில் சொல்வதைக் கேட்டுக் காத்திருந்து மூன்று மாதத்தையும் கடத்தி விடுகிறோம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விபரம் கேட்கலாம். ஆனால் தொலைபேசியில் பேசியதோடு நின்றுவிடாமல் கடிதத்தையும் கொடுத்து வைக்க வேண்டும்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1982இலேயே இதற்கெனத் தனிச் சட்டம் வந்துவிட்டது. ஒரே குறையை நான்கு தடவை திருத்த முயன்றும் சரிவராவிட்டால், அல்லது மொத்தம் 30 நாட்கள் வாகனம் ஓடாமல் நின்றால், மாற்று வாகனமோ பணமோ கேட்கலாம். எமது நாட்டில் புது வாகனத்துக்கென அப்படியொரு சட்டம் இல்லை. வரியென்று இவ்வளவு பெருந்தொகை அறவிடும் அரசு, வாங்குகின்றவருக்கு இந்தக் குறைந்தபட்சப் பாதுகாப்பையாவது கொடுக்க வேண்டாமா? ஊர்தோறும் இருக்கும் வர்த்தகர் சங்கங்கள் இதனைக் கோரிக்கையாக முன்வைக்கலாம்.

எமது வாசகர்களில் வாகனம் விற்பவர்களும் அநேகர். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. தெரிந்த குறையை மறைத்து விற்ற வாகனம் ஒரு தடவை இலாபம் தரும். அதன்பின் அந்த ஊரிலிருந்து ஒருவரும் வரமாட்டார். குறையைச் சொல்லி, விலையைக் குறைத்து, எழுதிக் கொடுத்து விற்கின்றவருக்கு விளம்பரம் தேவையில்லை.

புது வாகனம் வாங்க இருப்பவர்கள் இவ்வாரமே செய்யக்கூடியது ஒன்றுண்டு. முற்பணம் கொடுப்பதற்கு முன்னர் வாரண்டிப் பத்திரத்தின் பிரதியைக் கேளுங்கள். "பணம் கட்டிய பிறகு தருகிறோம்" என்று சொன்னால், அடுத்த ஷோரூமுக்குப் போங்கள்.