கேஸ் கீசர்: கடைசியாகக் குளிப்பவர் கவனம்!

மார்கழி பிறந்துவிட்டால் மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றியுள்ள பல வீடுகளில் நாலரை மணிக்கே விளக்கு எரியும். முதலில் அம்மா குளித்துவிட்டுக் கோலம் போட வாசலுக்கு வருவார். அடுத்து தாத்தா, அப்பா. கடைசியாக, தூக்கம் கலையாத பிள்ளையை எழுப்பிக் குளியலறைக்குள் அனுப்புவார்கள். "சீக்கிரம் வாடா, பொங்கல் ஆறிப்போயிடும்!"

அந்தக் குளியலறைச் சுவரில் கேஸ் கீசர் மாட்டியிருந்தால், நால்வரில் அதிக ஆபத்து அந்தப் பிள்ளைக்குத்தான்.

ஒரு தலைமுறைக்கு முன்பு இதே தெருக்களில் வெந்நீர் என்றால் செப்பு பாய்லர். நடுக்குழாயில் கரியையோ கொட்டாங்கச்சியையோ போட்டு மூட்டுவார்கள். மேலே பச்சைத் தண்ணீரை ஊற்றினால் குழாய் வழியே வெந்நீர் வரும். அந்த பாய்லர் இருந்த இடம் கொல்லைப்புறம், இல்லையென்றால் முற்றம். புகை தானாக வானத்துக்குப் போனது. கொல்லை போய் அடுக்குமாடி வந்தபோது நெருப்பு மட்டும் குளியலறைக்குள் குடிவந்துவிட்டது.

கணக்கு எளிது. நிமிடத்துக்கு 6 லிட்டர் வெந்நீர் தரும் கீசர், முழு வேகத்தில் எரிந்தால் மணிக்குச் சுமார் ஒரு கிலோ கேஸைச் செலவழிக்கும். ஒரு கிலோ கேஸ் ஒழுங்காக எரிய ஏறக்குறைய 12 கன மீட்டர் காற்று தேவை. ஐந்தடிக்கு ஆறடி குளியலறையில் இருப்பதோ மொத்தமே 7 கன மீட்டர் காற்று. கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு நான்கு பேர் அடுத்தடுத்துக் குளித்தால், கடைசி ஆளுக்கு மிஞ்சுவது பிராணவாயு குறைந்த காற்றுதான். காற்று குறையக் குறைய நெருப்பு அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடைக் கக்கும்.

கேஸ் கசிந்தால் மூக்குக்குத் தெரியும். அதற்காகவே அதில் நாற்றம் சேர்த்து அனுப்புகிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தை, அதைவிட 200 மடங்குக்கும் மேலான பிடியோடு இது பிடித்துக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கால் துவளுதல், பிறகு மயக்கம். இப்படி மயங்கி விழுந்தவர்களுக்கு வலிப்பு நோய் என்று முதலில் தவறாக நினைக்கப்பட்டதும் உண்டு. இந்திய மருத்துவர்கள் இதற்கு 'கேஸ் கீசர் சிண்ட்ரோம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

முன்மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டலாமா?

கூடாது. பற்றவைக்கும் பேட்டரி தகராறு செய்கிறது, பர்னரில் தூசு அடைக்கிறது என்று முன்மூடியைக் கழற்றுபவர்கள் அதைத் திரும்ப மாட்டாமலே விட்டுவிடுவதுண்டு. 'தண்ணீர் சுடுகிறதே, போதாதா' என்ற எண்ணம்தான் காரணம். மூடி அழகுக்கு வைத்ததல்ல. காற்று எந்தப் பக்கம் நுழைய வேண்டும், எரிந்த வாயு எந்தப் பக்கம் வெளியேற வேண்டும் என்பதை ஒழுங்குபடுத்துவது அது. மூடி இல்லாவிட்டால் காற்றில் ஜுவாலை அலையும், கரி படியும், மேலே போக வேண்டிய வாயு அறைக்குள்ளேயே பரவும். மேலிருக்கும் புகைக்குழாயைக் கழற்றினாலும் இதே கதைதான். ஜுவாலை மஞ்சளாக எரிந்தாலோ, கீசரைச் சுற்றிச் சுவர் கறுத்தாலோ உடனே நிறுத்திவிட்டு, அந்தக் கம்பெனியின் மெக்கானிக்கை அழைக்க வேண்டும். நீலமாக எரிகிறது என்பதற்காக மூடிய அறையில் ஓட்டலாம் என்றும் அர்த்தமில்லை.

எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்பார்கள். வெளிக்காற்று உள்ளே வர வழியில்லாத அறையில் அந்த ஃபேன், புகைக்குழாய் வழியே வெளியேறும் வாயுவையே திரும்ப உள்ளே இழுத்துவிடக்கூடும்.

அப்படியானால் என்ன வழி?

பாட்டி காலத்து வழிதான்: நெருப்பு வெளியே, வெந்நீர் உள்ளே. சிலிண்டரையும் கீசரையும் காற்றோட்டமான பால்கனியில் வைத்து, வெந்நீருக்கு மட்டும் உள்ளே பைப் இழுத்துக்கொள்ளலாம். புதிதாக வாங்குபவர்கள் ஐ.எஸ். 15558 தர முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. சுரக்ஷா ரப்பர் குழாயை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

கீசரை இடம் மாற்றும்வரை, கதவையும் ஜன்னலையும் திறந்துவைத்து வாளியில் வெந்நீர் பிடித்து, கீசரை அணைத்து, அறையைக் காற்றாட விட்ட பிறகே குளிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் இப்படியே. தாழ்ப்பாள் வேண்டாம். உள்ளே போனவர் குரல் கொடுக்காவிட்டால் 'ஷவரில் நிற்கிறான்' என்று விட்டுவிடக் கூடாது.

யாராவது மயங்கிக் கிடந்தால் கதவைத் திறந்து, அவரை உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, கேஸை மூடி, 108-ஐ அழைக்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 என்று காட்டினாலும் நம்பக் கூடாது. கார்பன் மோனாக்சைடு பிடித்திருக்கும் ரத்தத்தை அந்தக் கருவி நல்ல ரத்தம் என்றே எண்ணிக்கொள்ளும். மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டியது, "குளியலறையில் கேஸ் கீசர் ஓடியது" என்பதை. அதைச் சொன்னால்தான் ரத்தத்தில் சரியான பரிசோதனை செய்து, தாமதமின்றி ஆக்சிஜன் கொடுப்பார்கள். தெளிந்து எழுந்தவருக்கும் சில வாரங்கள் கழித்து மறதி, தடுமாற்றம் வரலாம் என்பதால் மறுபரிசோதனை அவசியம். கேஸ் கசிவு நாற்றம் அடித்தால் அழைக்க வேண்டிய எண் 1906.

சென்னை மார்கழியில் அதிகாலைக் குளிர் பொதுவாக 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஜன்னலைத் திறந்துவைத்துக் குளித்தால் உடம்பு கொஞ்சம் சிலிர்க்கும், அவ்வளவுதான். கடைசியாகக் குளிக்கப்போன பிள்ளையும் பொங்கல் ஆறுவதற்குள் வெளியே வந்துவிடுவான்.