போலி ஓவியமும் நமது பாடசாலை நூலகமும்

துப்பறியும் கதை வாசிக்கும் பிள்ளையைக் கண்டால், "இதை வெச்சிட்டு பாடத்தைப் படி" என்று சொல்வது நம்மில் பலருக்குப் பழகிப்போய்விட்டது. பாடசாலை நூலகத்துக்குப் புத்தகம் தெரிவு செய்யும்போதும் அறிவுரைக் கதைகளுக்கே முதலிடம். ஆசிரியர்களாகிய நாம் இதை மீள யோசிக்க வேண்டும்.

பிரித்தானிய எழுத்தாளர் இயன் பியர்ஸ் 1990இல் எழுதிய 'த ரபாயல் அஃபெயார்' சிரித்துக்கொண்டே வாசிக்கக்கூடிய நாவல். ஜொனதன் ஆர்கைல் என்ற ஆங்கிலேய ஆய்வு மாணவர் ரோமில் ஒரு தேவாலயத்துக்குள் புகுந்து பொலிஸில் மாட்டுகிறார். அங்குள்ள சாதாரண ஓவியத்துக்கு அடியில் ரபாயலின் தொலைந்துபோன படைப்பு மறைந்திருக்கிறது என்கிறார். ஆனால் அந்த ஓவியம் ஏற்கெனவே கைமாறிவிட்டது! பிறகு அதிலிருந்து 'ரபாயல்' வெளிப்பட, உலகமே கொண்டாடுகிறது. அது அசல்தானா என்ற கேள்வி பிந்தித்தான் வருகிறது. முடிவைச் சொல்லி உங்கள் ருசியைக் கெடுக்க மாட்டோம்.

இது வெறும் கற்பனை என்று ஒதுக்கவும் முடியாது. நெதர்லாந்தின் வான் மீகரன், 17ஆம் நூற்றாண்டு ஓவியர் வெர்மீரின் பெயரில் போலி ஓவியங்கள் வரைந்தார். 1937இல் பிரெடியஸ் என்ற பெரிய நிபுணரே அவற்றில் ஒன்றை அசல் என்றார். ரொட்டர்டாம் அருங்காட்சியகம் அதை வாங்கியது. இன்னொன்று நாஜித் தலைவர் கோரிங்கிடம் போனது. நாட்டின் சொத்தை எதிரிக்கு விற்றதாக 1945இல் கைதானபோது, "நானே வரைந்தது" என்று மீகரன் ஒப்புக்கொண்டார். அதை நிரூபிக்கக் காவலில் இருந்தபடியே இன்னொரு 'வெர்மீர்' வரைந்து காட்ட வேண்டியிருந்தது. வெர்மீர் சமய ஓவியங்களும் நிறைய வரைந்திருப்பார் என்று நிபுணர்கள் ஆசைப்பட்டார்கள். அவர் அந்த ஆசைக்குத் தீனி போட்டார், அவ்வளவுதான்.

ஓவியம் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்பதைத்தான் துப்பறிபவர் முதலில் தேடுகிறார். நமக்கு இது புதிதா? ஹதீஸ் கலையில் ஸனத் பார்ப்பது இதைத்தானே! செய்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் அறிவிப்பாளர் வரிசையில் ஒருவர் விடுபட்டால் நமது இமாம்கள் அதைப் பலவீனமானது என்றார்கள். ஸூரத்துல் ஹுஜுராத்தும் கொண்டுவரப்படும் செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளச் சொல்கிறது.

விசாரிக்காமல் நம்புவதன் விலை நமக்குத் தெரியும். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாக ஒரு கதை பரவியது. பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் சொன்னது, அது வெறும் மாவுக்கட்டி என்று. அன்று நாம் அழுதோம். இன்று நமது வட்ஸ்அப் குழுக்களில் மூலமே இல்லாத மருத்துவக் குறிப்பும் ஹதீஸும் வந்தால் "ஸுப்ஹானல்லாஹ்" போட்டு அனுப்பிவிடுகிறோம்.

"துப்பறியும் கதை பிள்ளைகளுக்குக் களவு படிப்பிக்கும்" என்று சில பெற்றோர் பயப்படுகிறார்கள். அந்தக் கதைகளில் பிள்ளை கூடவே நடப்பது கள்வனோடு அல்ல, கேள்வி கேட்பவனோடு. "யார் சொன்னது? எப்படித் தெரியும்? யாருக்கு லாபம்?" இந்த மூன்று கேள்விகளையும் நாம் வகுப்பில் எத்தனை தரம் சொன்னாலும் ஏறாது. ஒரு நல்ல கதை ஒரே இரவில் ஏற்றிவிடும்.

நூலகப் பொறுப்பாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த தடவை புத்தகம் வாங்கும்போது ஒரு தட்டையாவது துப்பறியும் கதைகளுக்கு ஒதுக்குங்கள். தமிழில் உங்களுக்குத் தெரிந்த நல்ல நூல்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். பட்டியல் ஒன்று போடுவோம், இன்ஷா அல்லாஹ்.