அடைக்கலம் தந்த மண்ணின் கடன்

கொள்ளிடத்தின் தென்கரை தஞ்சை அரசுக்கும் வடகரை அரியலூர்ப் பாளையத்திற்கும் உரியனவாய் இருந்த காலம் அது. 1701ஆம் ஆண்டில் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னன் சாகசி, தன் நாட்டுக் கிறித்தவர்மேல் ஒடுக்குமுறையை ஏவினான். அவர்தம் கோயில்கள் இடிக்கப்பட்டன, குருமார் சிறைப்பட்டனர். ஏர்பிடித்தும் கூலிசெய்தும் வாழ்ந்த எளிய தமிழர் பலர், கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஆற்றைக் கடந்து வடகரை ஏறினர். அவர்கட்குப் புகலிடமாய் அமைந்தது அரியலூர் மழவராயர் ஆட்சிக்குட்பட்ட ஏலாக்குறிச்சி.

மழவராயர் கிறித்தவர் அல்லர். தஞ்சையோடு ஒப்பிட அவருடையது மிகச் சிறிய பாளையம். பகைத்துக்கொண்டால் தாங்காது. இருந்தும் வந்தவரை அவர் திருப்பி அனுப்பவில்லை. பின்னர் அவ்வூர்க் கோயிலுக்கு நிலமும் ஈந்தார் என்பது இன்றும் அங்கே வழங்கும் செய்தி. மழவராயர்க்கு உண்டான பிளவைநோயை வீரமாமுனிவர் தீர்த்தார், அதனால் நிலம் கிடைத்தது என்றும் கதை சொல்வர். கதை எவ்வாறாயினும் ஆகுக. ஓடிவந்தவன் ஊன்றி நிற்க ஓர் இடம் வேண்டும், உழுதுண்ண ஒரு துண்டு நிலம் வேண்டும் என்பதை உணர்ந்த ஆட்சி அது என்பதே நமக்கு வேண்டுவது.

இத்தாலியில் பிறந்து தமிழராகவே வாழ்ந்த வீரமாமுனிவர், அவ்வூரில் எழுப்பிய கோயிலின் அன்னைக்கு அடைக்கல அன்னை என்று பெயரிட்டார். ஊரையே திருக்காவலூர் என்றார். தைரியநாதர் என்னும் வடசொற் பெயரை விடுத்து வீரமாமுனிவர் ஆனவர்க்குச் சொல்லின் அருமை தெரியாதா? காவல், அடைக்கலம் ஆகிய இரண்டும் தூய தமிழ்ச்சொற்கள். சிலப்பதிகாரத்தில் அடைக்கலக்காதை என்றே ஒரு காதை உண்டு. சமணத் துறவியாகிய கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர்குலத்து மாதரியிடம் ஒப்படைக்கிறார். கொடுத்தவர் நெறி வேறு. ஏற்றவள் நெறி வேறு. யாரும் அங்கே மதம் கேட்கவில்லை.

இவ்வளவும் பழங்கதை பேசுவதற்காக அன்று. கிறித்தவர் என்ற ஒன்றினுக்காகவே மாந்தரைக் கொல்லும் கொடுமை நம் காலத்திலும், நம் உறவினரிடையேயும் நடந்துள்ளது. 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 21, உயிர்த்தெழுந்த ஞாயிறு. இலங்கையில் கொழும்புக் கொச்சிக்கடை, நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு ஆகிய மூன்றிடத்துக் கோயில்களிலும் கொழும்பு விடுதிகளிலும் தற்கொலையாளர் குண்டு வெடித்தனர். மாண்டோர் 250க்கும் மேற்பட்டவர். மட்டக்களப்புச் சீயோன் கோயிலில் மடிந்தோர் தமிழர். அவருள் குழந்தைகள் பலர். முன்னரே எச்சரிக்கை கிடைத்தும் ஆட்சியாளர் வாளாவிருந்தனர் என்று கண்ட இலங்கை உயர் வழக்குமன்றம், 2023 சனவரியில், முன்னாள் குடியரசுத் தலைவர் சிறிசேனா 10 கோடி இலங்கை உரூபா இழப்பீடு தரவேண்டுமெனத் தீர்ப்பளித்தது.

கொன்ற கூட்டத்தின் தலைவனும் காத்தான்குடியில் தமிழ்பேசி வளர்ந்தவனே. இது கசப்பான உண்மை, மறைக்க வேண்டியதில்லை. ஆயின் அவன் செய்த பழியை முசுலீம் மக்கள் அனைவர் தலையிலும் சுமத்தி, அடுத்த திங்களே வடமேற்கு இலங்கையில் அவர்தம் வீடுகளையும் கடைகளையும் கொளுத்தினார்களே, அதுவும் அதே வெறிதான். சீயோனுக்காக அழுகின்ற கண் அவர்களுக்காகவும் அழவேண்டும்.

ஒரிசாவின் கந்தமால் மலைநாட்டில் 2008இல் நடந்தது இன்னொன்று. ஒரு துறவியும் அவரைச் சார்ந்தோர் நால்வரும் கொல்லப்பட்டனர். மாவோவியர் அதற்குப் பொறுப்பேற்ற பின்னரும், பழி கிறித்தவர்மேல் விழுந்தது. சிற்றூர்கள் எரிந்தன, பல்லாயிரவர் காட்டில் ஒளிந்தனர். அம்மலைநாட்டில் வழங்கும் குயிமொழி தமிழின் உறவுமொழி என்பதை நம்மவருள் எத்தனைபேர் அறிவர்? பதிவான 827 வழக்குகளுள் 315 வழக்குகள் உரிய முடிவின்றிக் கைவிடப்பட்டதைக் கண்டு, அவற்றை மீண்டும் ஆய்க என்று இந்திய உச்ச வழக்குமன்றம் 2016இல் ஆணையிட நேர்ந்தது.

கிறித்தவம் அயல்மதமாயிற்றே, தமிழியக்கத்தார்க்கு அதில் என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். தோத்திரம், பரிசுத்தம் என்று அவர்கள் வழிபாட்டில் மண்டிக்கிடக்கும் வடசொற்களோடு நமக்கு வழக்கு உண்டு; அதனை விடப்போவதுமில்லை. சொல்லைத் திருத்துவதற்கும் ஆள் உயிரோடிருக்க வேண்டும் அல்லவா!

சரி, செய்யவேண்டுவது யாது? இரங்கற் கூட்டமும் மெழுகுத்திரியும் எளியவை. மழவராயர் மெழுகுத்திரி ஏற்றவில்லை, இடம் கொடுத்தார். இடம் என்பது இன்று குடியுரிமை.

2019இல் இந்திய ஒன்றியம் இயற்றிய குடியுரிமைத் திருத்தச் சட்டம், பாக்கித்தான், வங்காளதேசம், ஆப்கானித்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 திசம்பர் 31க்குள் வந்த கிறித்தவர், இந்துக்கள் முதலான ஆறு வகுப்பார்க்கு வழி திறந்தது. இலங்கை அதில் இல்லை. காபூலிலிருந்து வந்த கிறித்தவர்க்குக் கதவு திறக்கும். மட்டக்களப்பிலிருந்தும் மன்னாரிலிருந்தும் வந்த கிறித்தவர்க்குத் திறவாது. சிவனியராயினும் திறவாது, முசுலீம் மக்களை எந்நாட்டினராயினும் அச்சட்டம் ஏற்கவேயில்லை. துன்புற்றவர்க்கு உதவும் சட்டம் என்று கூறிக்கொண்டு, துன்புற்ற தமிழனை மட்டும் மறந்தது எவ்வாறு? மறதி அன்று அது.

பெரம்பலூர்த் துறைமங்கலம் உள்ளிட்டு நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில், 1983 தொடங்கி வந்த ஈழத்தமிழர் தமிழ்நாட்டில் தங்கியுள்ளனர். இங்கேயே பிறந்து, இங்கேயே பயின்று, இங்கேயே மணந்து பிள்ளை பெற்றவர்களும் அவருள் உளர். 2021இல் தமிழக அரசு, அகதிகள் முகாம் என்ற பெயரை மாற்றி மறுவாழ்வு முகாம் என்றாக்கியது. அகதி வடசொல், முகாம் அரபுச்சொல். ஏதிலியர் குடியிருப்பு என்றால் நாக்கு சுளுக்கிக்கொள்ளுமோ? அது கிடக்க. பெயர் மாறியும் நிலை மாறவில்லை. 2025 செத்தம்பரில் ஒன்றிய அரசு பிறப்பித்த ஆணை, 2015 சனவரி 9க்குள் வந்து பதிவுசெய்துகொண்ட ஈழத்தமிழரைக் கடவுச்சீட்டு இல்லாமைக்கான தண்டனையிலிருந்து விலக்கியது. தண்டியோம் என்பது வேறு. நீ இந்நாட்டான் என்பது வேறு.

அரியலூர் சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதியைச் சேர்ந்தது; பெரம்பலூர்க்குத் தனித்தொகுதி உண்டு. இவ்விரு தொகுதிகளின் உறுப்பினரும், அச்சட்டத்தில் இலங்கையைச் சேர்த்து மதவேறுபாடின்றி ஏதிலியர் அனைவர்க்கும் குடியுரிமை வழங்கத் தில்லியில் குரலெழுப்ப வேண்டும். அதனை அவர்களிடம் எழுத்தில் கேட்கவேண்டியவர், ஏலாக்குறிச்சி அன்னையின் திருவிழாவிற்கு ஆண்டுதோறும் மதம் பாராது செல்லும் இவ்விரு மாவட்டத்து மக்களே.